வடிகட்டாத மாதிரி

குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்துமூன்று. மரபு இதை ஒப்பாதுதான். ஆனால் பெரிய காந்தம் இருக்கும் அறைக்குள் போகிறவர்கள் சாவி, கைக்கடிகாரம், மரபு எல்லாவற்றையும் வாசலில் ஒரு தட்டில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

குரு பேராசிரியர் யூனிஸ். சீடர் குற்றாலிங்கம், கல்லூரி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். விடுப்பு தீரப் போகிறது. குளிரூட்டும் ஹீலியம் தீர்ந்தே விட்டது. கடைசி மாதிரியும் இன்று காலை பாழாயிற்று.

வேலை இதுதான். அணுக்கரு ஒவ்வொன்றும் தற்சுழற்சி கொண்ட குட்டிக் காந்தம். ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கும். எலக்ட்ரான் அப்படியல்ல, கடுங்குளிரில் காந்தம் சொன்ன பக்கம் திரும்பிவிடும். ஆகவே தனி எலக்ட்ரான் சுமக்கும் பொடி ஒன்றைக் கலந்து உறையவைத்து மைக்ரோவேவ் பாய்ச்சினால், எலக்ட்ரானின் ஒழுங்கு கருக்களுக்கும் தொற்றும். பிறகு வெந்நீரில் கரைத்து, பொடியை வடிகட்டி எடுத்துவிட்டு, பக்கத்து ஸ்கேனருக்கு ஓட வேண்டும். ஒழுங்கு எப்படியும் கலையும். வடிகட்டினால் சற்றுத் தாமதமாகக் கலையும்.

குற்றாலிங்கம் வடிகட்டாமல் ஓடினார். ஸ்கேனர் திரையில் சமிக்ஞையே இல்லை, கோடு தட்டையாகக் கிடந்தது.

"ஏன் சார்?" என்றார் யூனிஸ்.

"வடிகட்டினா நேரமாகும்னு நெனச்சேன் மேடம். அதோட, ஒழுங்கைக் கொடுத்ததே அந்தப் பொடிதானே? கூடவே இருந்தா நல்லதுன்னு..."

"குளிர்ல கொடுக்கும். சூட்டுல அதுதான் முதல்ல கலைக்கும். இதை நீங்களே பசங்களுக்கு நடத்தியிருக்கீங்க."

"நடத்தினேன். நம்பல."

யூனிஸ் சிரிக்கவில்லை. "நேத்து என் அறை வாசல்ல வந்து நின்னீங்களே, எதுக்கு?"

"வடிகட்டலாமான்னு கேக்க. நீங்க போன்ல இருந்தீங்க."

"அப்புறம்?"

"போன வாரம் நீங்க 'வேகம்தான் முக்கியம்'னு சொன்னது ஞாபகம் வந்துச்சு."

"அது ஓடறதுக்கு ஸ்கேனர் அறைக் கதவைத் திறந்து வைக்கிறதைப் பத்திச் சொன்னது, சார்."

குற்றாலிங்கம் தலை குனிந்துகொண்டார். இங்கே வந்த புதிதில் அவருக்கென்று யோசனைகள் இருந்தன. ஒவ்வொன்றாக யூனிஸிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தார். ஒவ்வொரு தடவையும் யூனிஸின் யோசனையோடு திரும்பியிருந்தார். அவை சிறந்தவையாகவும் இருந்து தொலைத்தன.

யூனிஸ் தட்டிலிருந்து தன் சாவிக்கொத்தை எடுத்தார். ஆய்வகச் சாவியை மட்டும் கழற்றி மறுபடி தட்டில் போட்டார்.

"தை மாசம் ஹீலியம் வரும். விடுப்பை நீட்டிக் கேளுங்க. அடுத்த மாதிரியை நீங்களே செய்யுங்க. நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

"மேடம், கோபமா?"

"பொடியை வடிகட்டுறதுல ஏது சார் கோபம்?"

"விடுப்பு கிடைக்கும்னே நிச்சயமில்ல. கிடைச்சாலும் எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. நீங்க இல்லாம நான் நிப்பேனா?"

யூனிஸ் தட்டையான கோட்டைப் பார்த்தபடி நின்றார். பொய் சொல்ல ஒரு கணம் முயன்றது முகத்தில் தெரிந்தது.

"நிக்க மாட்டீங்க," என்றார். "கொஞ்சம் மெதுவா விழுவீங்க."