சுவரைப் பார்த்து நின்ற கண்காணிப்பாளர்கள்

சிறையில் கிடந்தாலும் மனுஷன் மனுஷன்தான், அவனுக்கு வயிறாரக் கஞ்சியும் படுக்கப் பாயும் உண்டு என்று ராஜா தண்டோரா போட்டுவிட்டார். போட்டால் ஆச்சா? அது நடக்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுக்க, எந்தப் பக்கமும் சாயாத ஆள் வேண்டுமே. மந்திரி நாடெல்லாம் சல்லடை போட்டுச் சலித்து, மட்டையூர் ஆவுடையப்பனையும் அவன் கூட்டாளிகள் தளவாய், பிச்சாண்டி இருவரையும் பிடித்தார். புத்தி இருந்தால்தானே ஒரு பக்கம் சாயும்!

"சிறைக்காரன் காட்டுற வழியில போகக் கூடாது. உறவு பார்க்கக் கூடாது. யாருக்கும் சாயக் கூடாது" என்றார் மந்திரி.

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தான். திருடாத பூசணிக்காய்க்காக அவன் மச்சினன் சுடலை அந்தச் சிறையில்தான் கிடந்தான். "எந்தம்பி இல்லாம வந்தீங்க, இந்த வீட்டுல உங்களுக்குச் சோறு கிடையாது" என்று பெண்டாட்டி செண்பகம் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

சிறைக்காரன் கும்பிட்டான். "வாங்கய்யா, இந்த வாசல் வழியா வாங்க."

"வழி காட்டுறானே" என்று தளவாய் பின்வாங்கினான்.

"அப்ப காட்டாத வழியா போவோம்" என்றான் பிச்சாண்டி.

பின்பக்கம் போய்க் கடப்பாரையால் சுவரைப் பெயர்த்து, கொட்டடிக்குள் தவழ்ந்து போனார்கள். உள்ளே எலும்பும் தோலுமாக மூன்று கைதிகள்.

"மச்சான், இந்தக் கஞ்சியை எலிகூடக் குடிக்காது மச்சான்" என்று சுடலை ஓடிவந்தான்.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விறைத்து நின்றான். "மச்சான்னு கூப்பிடாதே, நடுநிலை கெட்டுப்போகும். உம் பேரென்ன, ஊரென்ன?"

சுடலை அவனைப் பார்த்தான், ஓட்டையைப் பார்த்தான். "அப்ப நாங்க இப்படியே போயிரட்டுமா?"

"தடுத்தா சிறைக்காரன் பக்கம் சாஞ்ச மாதிரி" என்றான் தளவாய்.

"போகச் சொன்னா கைதி பக்கம்" என்றான் பிச்சாண்டி.

ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்தான். "சுவத்தைப் பார்த்துத் திரும்பி நிப்போம்."

நின்றார்கள். திரும்பியபோது கொட்டடி காலி. கடமை கடமைதானே? மூலைக்கு மூலை போய், "குறை ஏதும் உண்டா?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. எலிக்கஞ்சிப் பேச்சு உறவுக்காரன் பேச்சு, சேராது. 'கைதிகளுக்கு ஒரு குறையும் இல்லை' என்று அறிக்கை எழுதினார்கள்.

சிறைக்காரன் வந்தான். மூன்று தலை போயிருந்தது, மூன்று தலை இருந்தது. கணக்குச் சரி. மூவரையும் உள்ளேயே விட்டு ஓட்டையை அடைத்து, கதவைப் பூட்டி, அறிக்கையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தான். ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுவருஷம், சிறையும் தெரிந்த, சிறைக்காரனுக்கும் ஆகாத ஆளை மந்திரி தேடினார். வகையாகச் சிக்கினான் சுடலை. அவனும் மட்டையூர்தானே, கடப்பாரையோடு வந்தான்.

சுவர் இடிந்தது. எலும்பும் தோலுமாக ஆவுடையப்பன் எழுந்தான். "மாப்ளே, வந்துட்டியா!"

"மாப்ளேன்னு கூப்பிடாதீங்க. உங்க பேரென்ன, ஊரென்ன?" என்று விறைத்தான் சுடலை. பிறகு மனசு கேட்காமல், "அக்கா சோறாக்கி வச்சிருக்கா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

ஆவுடையப்பன் பூரித்துப்போனான். "எப்பேர்ப்பட்ட நடுநிலை! நாம ஓடினா பிள்ளைக்குக் கெட்ட பேரு வரும்லே" என்று மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு, அவனும் சுவரைப் பார்த்து நின்றான்.

"குறை ஏதும் உண்டா?" என்று சுடலை சுவரைக் கேட்டான்.

ஆவுடையப்பனின் வயிறு மட்டும் கொர்ரென்றது. அதுவும் உறவுக்காரன் வயிறு என்பதால் சுடலை அதை எழுதவில்லை.

சத்தம் கேட்டு வந்த சிறைக்காரன், வரிசையாக நின்ற முதுகுகளை எண்ணிப் பார்த்தான்; ஒன்று கூடி நாலு இருந்தது. பிறகு ஓட்டையை அடைத்துவிட்டு, கஞ்சியில் இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றப் போனான்.