கொசுவலைக்குள் இருந்த நிபுணர்

பவளக்கொடிக்கு அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. அவள் கொசுவலை ஆலையில் சேர்ந்த வாரம் சாப்பாட்டு மணி திருட்டுப் போயிற்று. மணி அடிக்காமல் யாரையும் சாப்பிட விடக்கூடாது என்பது விதி. மேனேஜர் நல்லபெருமாள் வாசலில் நின்று, தொண்டை நரம்பு புடைக்க, "டிங்! டிங்!" என்று பன்னிரண்டு தரம் கத்தினார். அதன்பிறகுதான் தூக்குச்சட்டிகள் திறந்தன.

இருபது வருஷம் கழித்தும் அவர்தான் மேனேஜர். அப்பேர்ப்பட்ட ஆளை யார் இழக்கச் சம்மதிப்பார்கள்?

இப்போது பவளக்கொடியின் வலது கண்ணில் புரை. அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் தையல் மெஷினில் உட்கார முடியாது. அந்தச் சமயத்தில்தான் காசிக்குப் போயிருந்த முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது.

"தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடும் நலத்திட்டங்களும் கொண்டுவரப் போகிறேன். அதற்கு ஒரு நிபுணரை வெள்ளிக்கிழமைக்குள் தேர்ந்தெடுங்கள். தவறினால் அடுத்த வருஷம்தான். ஒரே வேலையைச் செய்கிறவராக இருக்கட்டும். காப்பீட்டுக் கம்பெனிகளிடம் எதுவும் வாங்காதவராக இருக்கட்டும். வேலை பார்த்த இடத்தில் விசாரியுங்கள். தொழிலாளி பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. தொழிலாளி கேட்பதில் நிபுணர் மறுக்காததை எல்லாம் செய்துகொடுங்கள்."

நல்லபெருமாள், ஸ்டோர் கீப்பர் அருளப்பன், சாய மேஸ்திரி ரங்கண்ணன் மூவரும் கமிட்டியாக உட்கார்ந்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த முதல் நிபுணர், பையைத் திறக்கும் முன் டீயை வாங்கிக் குடித்தார்.

"ஒரே வேலைன்னு எழுதியிருக்குதுங்க. இவரு டீயும் குடிக்கறாரே?" என்றார் அருளப்பன்.

"வந்ததுல இருந்து ரெண்டு தரம் இருமவும் செஞ்சாருங்க," என்றார் ரங்கண்ணன்.

அவரை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து வந்த அம்மாள் கெட்டிக்காரி. பவளக்கொடியின் கண் முதல் வாட்ச்மேனின் முதுகு வரை அரை மணியில் எழுதிக்கொண்டாள். பாவம், எழுதிய பேனாவில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் பெயர் இருந்தது.

"வாங்கியிருக்கீங்களே அம்மிணி!" என்று நல்லபெருமாள் துக்கத்தோடு எழுந்து கும்பிட்டார்.

மூன்றாமவரைப் பற்றி விசாரிக்க, அவர் வேலை பார்த்த ஈரோட்டு ஆலைக்கு மூவரும் ஞாயிற்றுக்கிழமை போனார்கள். கேட் பூட்டிக் கிடந்தது.

"இடத்துல விசாரிக்கச் சொன்னாங்க, விசாரிச்சாச்சு," என்றார் நல்லபெருமாள். "இடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லலையே."

அவரும் போனார்.

வெள்ளிக்கிழமை மாலை பவளக்கொடிக்குப் பொறுமை போய்விட்டது. "ஷோரூம்ல வலைக்குள்ள ஒரு பொம்மை படுத்திருக்குதுங்களே, அதையே கூட்டிட்டு வந்து வெச்சுக்கோங்க. உங்களுக்கு அதுதான் லாயக்கு!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரே வேலைதானுங்க செய்யறாரு. படுக்கறது," என்றார் அருளப்பன்.

"யாருகிட்டயும் கை நீட்டுனதில்லீங்க," என்றார் நல்லபெருமாள்.

"இத்தனை வருஷமா நம்ம இடத்துலயே இருந்திருக்காரு. நாமதான் ஊர் ஊரா அலைஞ்சோம்," என்று ரங்கண்ணன் கண்கலங்கினார்.

பொம்மை நாற்காலியில் உட்கார மடங்காததால், அதை முதலாளியின் மேஜைமேல் படுக்கவைத்துக் கோட்டுப் போர்த்தினார்கள்.

பவளக்கொடி தன் வாயையே நொந்துகொண்டாள். வருஷம் போய்விடும், கண்ணும் போய்விடும். பிறகு கடிதத்தின் கடைசி வரியை நினைத்தாள். நேராகப் பொம்மை முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, எனக்குக் கண் ஆபரேஷன் வேண்டாம்னா இப்பவே சொல்லிப்போடுங்க."

ஐந்து நிமிஷம் மின்விசிறி மட்டும் சுற்றியது.

"மறுக்கலை," என்றார் நல்லபெருமாள். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து கண் கட்டைப் பிரித்ததும் அவளுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கமிட்டியின் மூன்று முகங்களும் தெரிந்தன. அதற்கு வைத்தியம் கிடையாது.

அந்த வாரமே மற்றவர்களும் பொம்மை முன் வரிசையில் நின்றார்கள். முதுகு, பல், பிரசவம், பேத்தியின் காதுகுத்து எதையும் நிபுணர் மறுக்கவில்லை.

முதலாளி காசியிலிருந்து திரும்பினார். மேஜையைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. பொம்மையின் கோட்டைப் பிடித்து உலுக்கினார்.

"அப்ப இந்த ஆலைக்கு முதலாளி நீயாடா? சொல்லு, நீயா?"

மேனேஜர் ஐந்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு கமிட்டி நோட்டைத் திறந்து, "மறுக்கலை" என்று எழுதிக்கொண்டார்.

முதலாளி இப்போது வலை மடிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். மருத்துவக் காப்பீடு உண்டு.