விசேஷ வீட்டு அத்தை

பெண்வேடமிட்டு ஆடிப் போட்டி போடும் ரகசியக் கூத்தை எங்கள் பக்கத்துக்கு முதலில் கொண்டுவந்தவள் ஜெசிந்தா. நின்ற வாக்கில் மல்லாக்க விழுவாள். தரையைத் தொடும்போது கண்ணடிப்பாள். ஆட வருகிற எல்லோருக்கும் அவள் அம்மா. அவளைவிட வயதில் மூத்த குமுதவல்லிக்கும் அம்மாதான்.

குமுதவல்லி வெளியே குணசீலன். லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா.

அந்த ஞாயிறு மத்தியானம் மண்டபத்தைக் காதுகுத்து என்று சொல்லி எடுத்திருந்தார்கள். மேனேஜர் நம்ப வேண்டுமே என்று வாசலில் சந்தனம், குங்குமம், பன்னீர்ச் சொம்பு எல்லாம் இருந்தன. குழந்தைதான் இல்லை.

போட்டியில் 'அசல்' என்று ஒரு பிரிவு. பார்க்கிறவருக்கு வேடம் என்றே தோன்றக் கூடாது. அன்றைக்கு விசேஷ வீட்டு அத்தையாக வர வேண்டும். போன முறைகளில் எல்லாம் குமுதவல்லி தோற்றிருந்தாள். இதிலும் தோற்றால் புடவையை மடித்து வைத்துவிட்டு இந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை என்று முடிவு.

"அம்மா, எனக்கு எதுதான் குறையுது?"

"நடந்து காட்டு."

நடந்தாள். கொசுவம் விசிறியது, வளையல் குலுங்கியது.

ஜெசிந்தா கொட்டாவி விட்டாள். "இடுப்பு வந்திருக்கு. அத்தை எங்கடி?"

"நான்தாம்மா அத்தை."

"இல்ல. அவ அடுத்த பஸ்ல வர்றா போல."

குமுதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. மை கரையுமே என்று அழவில்லை.

அப்போதுதான் வாசலில் ஒரு வயதான அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் பரிசுப் பையோடு வந்து நின்றார்கள். பக்கத்து மண்டபத்துக் காதுகுத்துக்கு வந்தவர்கள், இடம் மாறிவிட்டது. மேடையில் ஒருத்தி மல்லாக்க விழுந்துகொண்டிருந்தாள். பாட்டு பாதியில் நின்றது. யாரும் அசையவில்லை.

"வாங்கன்னு கூப்பிட ஒரு நாதியில்ல. வாங்க, போலாம்," என்று அந்த அம்மா திரும்பினார்.

குமுதவல்லி ஓடினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே ஓடினாள்.

"ஐயோ பெரியம்மா, அடுப்படியில இருந்துட்டேன்! வாங்க, வாங்க. பெரியப்பா, வாங்க. காலைலயே எதிர்பார்த்தோமே! கால் வலி எப்படி இருக்கு?"

"அதை ஏன் கேக்கற," என்று அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். "நீ பையனுக்கு என்ன வேணும்?"

"அத்தை."

"அதான் பாத்தேன். அப்படியே உங்க அண்ணன் மூக்கு. குழந்தை எங்க?"

"தூங்குது."

"அத்தனை பாட்டுச் சத்தத்துலயா?"

"அண்ணனும் அப்படித்தான் பெரியம்மா. இடி விழுந்தாலும் எந்திரிக்காது."

சந்தனம் கொடுத்தாள். காபி கொடுத்தாள். பெரியப்பா காபியைச் சிந்தினார், குனிந்து துடைத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மூன்று நடுவர்களும் பத்துக்குப் பத்து என்று அட்டையைத் தூக்கினார்கள். யாரோ கைதட்டப் போனார்கள். ஜெசிந்தா உதட்டில் விரல் வைத்தாள்.

வியர்த்து விறுவிறுத்து வந்தாள் குமுதவல்லி.

"அம்மா, பொட்டு கலைஞ்சிடுச்சு, கொசுவம் அவுந்துடுச்சு. இந்தக் கோலத்துல எப்படி நடப்பேன்? என்னை எப்போ கூப்பிடுவாங்க?"

"கூப்பிட்டாச்சு. நீ வேலையா இருந்த."