நல்ல பேருக்கு ஆசைப்பட்ட கோடு

ஒரு பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் ஒரு சமயம் இரண்டு கோடுகள் குடியிருந்தன. ஒன்று படுக்கைக்கோடு, மற்றது சாய்கோடு. இரண்டும் நடுவில் ஒரே ஒரு புள்ளியில் சந்தித்துக்கொண்டன. சாய்கோட்டுக்கு அந்தப் புள்ளிதான் சொத்து, சுகம் எல்லாம். நேர்கோடாய்ப் பிறந்தால் இன்னொரு கோட்டைச் சந்திக்க ஓரிடம்தானே வாய்க்கும்?

எமல்டா டீச்சர் அவற்றின் பக்கத்தில் ‘வெட்டும் கோடுகள்’ என்று எழுதி, அடியில் ‘இன்டர்செக்ட்’ என்ற இங்கிலீஷ் சொல்லையும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாய்கோட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நான் உன்னை வெட்டுறேனாம்.”

“எனக்கு ஒண்ணும் வலிக்கலையே” என்றது படுக்கைக்கோடு.

சாய்கோட்டுக்கு மனசு ஆறவில்லை. இங்கிலீஷிலாவது மரியாதையாகச் சொல்லியிருப்பார்கள் என்று நம்பி, துரை தோரணையில் நின்ற அந்தச் சொல்லிடம் கேட்டது.

“சார், உங்க பேருக்கு என்ன அர்த்தம்?”

“எனக்குப் பூர்வீகம் லத்தீன். இன்டர்னா இடையில. செக்ட்ங்கிறது வெட்டுறதுலேர்ந்து வந்தது. நடுவுல புகுந்து வெட்டுறதுன்னு வெச்சுக்கோயேன்.”

சாய்கோடு வெலவெலத்துப் போனது. கடல் தாண்டியும் அதே பழியா? ஆசையாய்ச் சந்தித்ததற்கு ஊர் உலகமெல்லாம் வைத்த பேர் வெட்டுக்குத்தா?

பலகையின் மூலையில் ‘இணைகோடுகள்’ என்ற முந்தின நாள் தலைப்பு அழியாமல் இருந்தது.

“இணையாம். கேக்கவே எவ்வளவு நல்லாயிருக்கு! நாமளும் அப்படி ஆயிடுவோம்.”

“பேர் கிடக்குது, விடு. போகாதே” என்று படுக்கைக்கோடு கெஞ்சியது.

சாய்கோடு கேட்கவில்லை. புள்ளியிலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு, படுக்கைக்கோட்டுக்கு மேலே அதைப் போலவே நீட்டிப் படுத்துக்கொண்டது.

திரும்பி வந்த டீச்சர், “யாரு இதை மாத்தி வரைஞ்சது? சரி, இதையும் பாத்துடுவோம்” என்றார். பழைய பேர்களைத் துடைத்துவிட்டு, ‘இணைகோடுகள்’ என்று பெரிதாக எழுதினார். ஸ்கேலை வைத்து இரண்டு கோடுகளையும் அசையவிடாமல் அழுத்தி வரைந்தார். சாய்கோடு பூரித்துப்போனது.

“எழுதிக்கோங்க. இது ரெண்டும் எவ்வளவு தூரம் போனாலும் ஒண்ணையொண்ணு தொடாது.”

தப்பாகக் காதில் விழுந்துவிட்டதோ என்று சாய்கோடு பதறியது. பலகையின் ஒரு விளிம்புவரை ஓடிப் பார்த்தது. மறு விளிம்புக்கும் ஓடிப் பார்த்தது. எங்கேயும் அதே இடைவெளி.

கீழேயிருந்து படுக்கைக்கோடு, கேலியே இல்லாமல், நிஜமான அக்கறையோடு விசாரித்தது.

“நல்ல பேர் கிடைச்சிடுச்சுல்ல?”