கீழே வைத்த கத்தி

எங்கள் மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்தாறு. இந்தக் கதையில் வருகிற சீடருக்கு அறுபத்து மூன்று. கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது.

குருவின் பெயர் கோமதியம்மை. மலையடிவாரத்துச் சின்ன மடம் எங்களுடையது. மலைமேல் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு மத்தியானம் சோறு போடுவதுதான் வேலை. உபதேசம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அம்மை காய் நறுக்கும்போது யாராவது எதையாவது கேட்பார்கள். அம்மை பதில் சொல்வார், இல்லையென்றால் காயை நறுக்கிக்கொண்டிருப்பார். நான் அந்த அடுக்களையில் பதினோரு வருடமாகத் தேங்காய் துருவுகிறேன். அதனால் நிறையக் கேட்டிருக்கிறேன்.

உலகநாதன் பங்குனி மாதம் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். காட்டிலாகாவில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே ஓர் இரும்புப் பெட்டி. அதை இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டது.

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன் அம்மை," என்றார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"கத்தி."

"எத்தனை?"

"நாப்பத்திரண்டு."

பெட்டியைத் திறந்து காட்டினார். நீல வெல்வெட்டில் வரிசையாகப் பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒரு கத்தி. மடக்குக் கத்தி, வேட்டைக் கத்தி, மரம் செதுக்குகிற கத்தி, ஜப்பானிலிருந்து வரவழைத்த சமையல் கத்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணி உறை. ஒரு பள்ளம் மட்டும் காலியாக இருந்தது.

"நல்லா வெட்டுமா?"

"முடியை ரெண்டாப் பிளக்கும் அம்மை."

"அப்போ காய் நறுக்க ஆகும்."

அவர் பதறிப் போய்ப் பெட்டியை மூடினார். "வேலைக்கு எடுத்தா மதிப்பு போயிரும். இதெல்லாம் சேத்து வைக்கதுக்கு."

"சரி, பூசணிக்காய்ப் பக்கத்தில வைங்க. அதையும் நாங்க சேத்துத்தான் வச்சிருக்கோம்," என்றார் அம்மை.

மறுநாளே அவர் எங்கள் அடுக்களைக் கத்திகளைப் பார்த்து முகம் சுளித்தார். சொந்தச் சாணைக்கல்லை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து ஒன்பது கத்தியையும் தீட்டி வைத்தார். நாங்களோ மொட்டைக் கத்தியை அழுத்தி அழுத்திப் பழகியவர்கள். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் விரலில் கட்டு. அதில் ஒரு விரல் என்னுடையது. மனிதர் வருத்தப்படவில்லை. கத்தியைப் பிடிக்கத் தெரியவில்லை என்று எங்களுக்குத்தான் ஏச்சு விழுந்தது.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் பகை வரும் என்பார்கள். ஒருவர் கீழே வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார். முந்நூறு பேருக்கு உலை கொதிக்கிற அடுக்களையில் நாங்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. உலகநாதன் பார்ப்பார். "அந்தக் கத்தியை இங்க தாங்க" என்று நான் கையை நீட்டிக்கொண்டே இருப்பேன். அவர் குனிந்து கத்தியைத் தரையில் வைத்து, கைப்பிடியை என் பக்கமாகத் திருப்பி, ஓரடி பின்வாங்கி நிற்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அம்மை இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

பத்து நாள் கழித்து ஒரு காலை அவர் அம்மையின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மை, தூக்கம் வரமாட்டேங்கு. ஒரு வழி சொல்லுங்க."

"எத்தனை நாளா?"

"பதினாலு மாசமா."

அம்மை வெண்டைக்காய்க் காம்பை நறுக்கித் தள்ளினார். "அந்தக் காலிப் பள்ளத்தில என்ன இருந்துச்சு?"

"மான்கொம்புப் பிடி போட்ட கத்தி. எங்க அப்பாவோடது."

"இப்போ எங்க?"

"கோர்ட்டுல."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருடைய அக்காள் மகள் செண்பகம். தவசி என்கிற பையனைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வேறு சாதி. அக்காள் மகன் இசக்கிராஜ், செண்பகத்தின் கூடப்பிறந்த அண்ணன், பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்டில் வைத்துத் தவசியைக் குத்திவிட்டான். செண்பகம் பக்கத்தில் நின்றாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். குத்திய கத்தி தாய்மாமன் உலகநாதனுடையது.

"நீங்க கொடுத்தீயளா?" என்று கேட்டார் அம்மை.

"இல்லை அம்மை. கேட்டான். நான் கையில கொடுக்கலை. மேசையில வச்சேன். அவன் எடுத்துட்டுப் போனான். போலீசுகிட்டயும் அதைத்தான் சொன்னேன். மேசையில கிடந்துச்சு, எடுத்துட்டுப் போயிட்டான்னு. அதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

அம்மை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வர்ற பதினெட்டாம் தேதி என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்குள்ள ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும் அம்மை. பாவம் வச்சவனுக்கா, எடுத்தவனுக்கா?"

"அந்த வெங்காயத்தை இந்தப் பக்கம் தள்ளுங்க," என்றார் அம்மை.

மடத்துக்கு ஓடி வருகிறவர்கள் எல்லாரும் கடவுளைத் தேடித்தான் வருகிறார்கள் என்று நான் நம்புவதில்லை. பாதிப் பேர் கோர்ட்டுக் கடிதம் கொண்டுவருகிற தபால்காரருக்குப் பயந்து வருகிறவர்கள். இவரும் அந்த வகை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அவர் மேல் இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போய்விட்டது.

அம்மை அன்று மத்தியானமே அவரிடம் மருமகளின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக் கார்டு எழுதிப் போட்டிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு வாரத்தில் செண்பகம் வந்தாள். இருபத்து நான்கு வயது இருக்கும். துணிக்கடையில் வேலை, சேலை மேல் குத்தியிருந்த கடையின் பெயர் அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை.

உலகநாதன் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"மாமா," என்றாள். "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அவன் உங்ககிட்ட என்ன சொல்லிக் கத்தியைக் கேட்டான்?"

"நான் கொடுக்கலைம்மா. மேசையிலதான் வச்சேன்."

"அதை நான் கேக்கலை மாமா."

"முதல்ல சாப்பிடும்மா," என்று அம்மை குறுக்கிட்டார். "பிள்ளையை இங்க விட்டுட்டுப் போ."

செண்பகம் கூடத்துக்குச் சாப்பிடப் போனாள். அடுக்களையில் அம்மை, நான், குழந்தை. உலகநாதன் வாசலில் சாய்ந்துகொண்டு குழந்தையைப் பார்ப்பதும் வேறு பக்கம் பார்ப்பதுமாக இருந்தார். குழந்தை தரையில் தவழ்ந்து ஒரு பீன்ஸ் துண்டைப் பிடித்து வாயில் வைத்தது. நான் பிடுங்கினேன். சிரித்தது.

அம்மை நறுக்குவதை நிறுத்தினார். அன்று காலையில் உலகநாதன் தீட்டிய கத்தி அது. அதைச் சேலையில் துடைத்தார். துடைத்துவிட்டுக் குழந்தையின் முன்னால், அரை முழத் தூரத்தில், தரையில் வைத்தார். பிறகு கூரான வாய்ப்பக்கம் குழந்தையை நோக்கி இருக்கும்படி அதைத் திருப்பினார்.

குழந்தை பளபளப்பைப் பார்த்தது. கையைத் தட்டிக்கொண்டு அதை நோக்கித் தவழ்ந்தது.

 கையில் இருந்த தேங்காய் மூடி உருண்டு போனது.

உலகநாதன் வாசலிலிருந்து பாய்ந்தார். அந்த வயதில் அப்படி ஒரு பாய்ச்சலை நான் எதிர்பார்க்கவில்லை. முட்டி தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. கைப்பிடியைத் தேட நேரமில்லை. கத்தியின் வாயையே சேர்த்துப் பிடித்து இழுத்துவிட்டார். மூடிய விரல்களுக்கு நடுவிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது. குழந்தை அவர் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது.

"அம்மை! என்ன காரியம் செய்தீங்க!" என்று கத்தினார்.

"நான் யார் கையிலயும் கொடுக்கலையே அண்ணாச்சி," என்றார் அம்மை.

அம்மையின் இடது கை குழந்தையின் கவுன் நுனியை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் அப்புறம்தான் பார்த்தேன். இருந்தாலும் எனக்கு அம்மை மேல் கோபம் வந்தது. இன்றுவரை அது முழுசாகப் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அழுகை கேட்டுச் செண்பகம் எச்சில் கையோடு ஓடிவந்தாள். குழந்தையை வாரி எடுத்துத் தடவிப் பார்த்தாள். ரத்தம் குழந்தையுடையது அல்ல என்று தெரிந்த பிறகுதான் மாமனைப் பார்த்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. கையை விரிக்கவும் இல்லை.

"செண்பகம்," என்றார். "அவன் முந்தின நாளே வந்தான்."

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"மலைக்குப் போறேன், கத்தி வேணும்னான். காலைப் பாத்தேன். ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு எவனும் மலைக்குப் போகமாட்டான். முப்பது வருசம் காட்டுல கிடந்தவன் நான். எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா மாமா?"

"நாளைக்கு வான்னு சொன்னேன்."

"எதுக்கு நாளைக்கு?"

 அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கத்தி மொட்டையா இருந்துச்சு. மொட்டைக் கத்தி எதுவும் என் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. காலையில உக்காந்து தீட்டினேன். ஒரு மணி நேரம். காகிதத்தை நிறுத்தி வச்சு வெட்டிப் பாத்தேன், சத்தமில்லாமப் போச்சு. சந்தோசமா இருந்துச்சும்மா. துடைச்சு மேசையில வச்சேன்."



"ஒரே குத்துன்னு டாக்டர் எழுதியிருந்தாரு," என்றாள் செண்பகம். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "இவ அப்பாவுக்குக் குத்துனதே தெரியலை மாமா. யாரோ இடிச்சிட்டுப் போறான்னுதான் சொன்னாரு. சொல்லிட்டு, பஸ் வருதான்னு எட்டிப் பாத்தாரு. அப்புறம்தான் சட்டையைப் பாத்தாரு."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. போகவும் முடியவில்லை.

"பதினெட்டாம் தேதி இதைச் சொல்லுவியளா?" என்று அவள் கேட்டாள். "அங்க வந்து வாய்த்தகராறு ஆச்சு, ஆத்திரத்தில குத்திட்டேன்னு அவன் சொல்லுதான். திட்டம் போட்டுச் செய்யலைன்னு காட்ட, மேசையில கிடந்த கத்தின்னு நீங்க சொன்னதுதான் அவனுக்குத் துணை. நாலஞ்சு வருசத்தில வெளிய வந்துருவானாம். வந்தா அடுத்தது நானும் இவளும்தான்."



அம்மை எழுந்து போய்த் தண்ணீரும் மஞ்சள்தூளும் பழைய வேட்டித் துணியும் கொண்டுவந்தார். உலகநாதன் முன்னால் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் கத்தியை எடுத்தார். வெட்டு ஆழமாக இருந்தது. கழுவித் துணியைச் சுற்றத் தொடங்கினார்.

"எனக்காகப் பயப்படலை அம்மை," என்றார் அவர். அழுதுகொண்டிருந்தார். "உண்மையைச் சொன்னா என்னையும் உள்ள தள்ளுவாங்க. தள்ளட்டும். கிழவன், அங்க கிடந்து சாவேன். எங்க அக்காளை நினைச்சாத்தான். புருசனைச் சின்ன வயசிலேயே தூக்கிக் கொடுத்தவ. என்னைத் தோள்ல போட்டு வளத்தவ. தினமும் ஜெயில் வாசல்ல போயி நிக்கா. அவளுக்குன்னு இருக்கது ஒரே ஒரு பிள்ளை. அந்த ஒத்தப் பிள்ளைக்கு எதிரா நான் எப்படிப் போய்க் கூண்டுல ஏறுவேன்?"

செண்பகம் குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

அம்மை துணியை இழுத்து முடிச்சுப் போட்டார். அது இறுகியிருக்கிறதா என்று விரலால் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, இந்தா நிக்காளே, இவளைப் பெத்தது யாரு?"