சிறுத்தைக்குக் கண் திறப்பது

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓர் ஓவிய வகுப்பு நடந்தது. நடத்தியவர் ஜெசிந்தா டீச்சர். இருபத்தெட்டு வயது. பொள்ளாச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வந்து இறங்கியதும் அரை மணி நேரம் யாரோடும் பேசமாட்டார்.

படிக்க வந்தவர்கள் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள், எட்டுப் பேர். அவர்களில் மூத்தவர் பேச்சித்தாய். ஐம்பத்திரண்டு வயது.

அந்த மாதம் முகமூடி செய்வதாக இருந்தது. ஆளுக்கு ஒரு மிருகம். அதன் மூக்கையும் காதையும் ரோமத்தின் நிறத்தையும் பார்த்து, காகிதத்தில் முகம் செய்து வண்ணம் தீட்ட வேண்டும். ஒருத்தி வரையாடு என்றாள். ஒருத்தி மலையணில் என்றாள்.

பேச்சித்தாய் சொன்னார், "நான் சிறுத்தை செய்றேன்."

மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சிறுத்தை அவர்மேல் பாய்ந்திருந்தது. வலது தோளில் நான்கு நீளத் தழும்புகள். அதற்குப் பிறகு அவர் சரிவில் கொழுந்து பறிக்கப் போகவில்லை. தொழிற்சாலையில் தூசி கூட்டும் வேலைக்கு மாறிக்கொண்டார். மகள் வீடு அடுத்த மேட்டில். நடுவில் தேயிலைக் காடு. பேத்தி பிறந்து ஏழு மாதமாகியும் அவர் அங்கே போனதில்லை. மகள்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

"ஏன்க்கா சிறுத்தை?" என்று டீச்சர் கேட்டார்.

"தினமும் கனவுல வருது டீச்சர். அந்த முகம் எப்பத்தான் என்னை விட்டுப் போகும்?"

டீச்சர் செய்தித்தாள் கட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"எப்படி இருக்கும்னு செஞ்சு காட்டுங்க."

பேச்சித்தாய் களிமண்ணில் அச்சு பிடித்தார். செய்தித்தாளைக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டினார். அடுத்த ஞாயிறு அது காய்ந்திருந்தது. பிளந்த வாய். அட்டையில் வெட்டிய பற்கள், ஒவ்வொன்றும் விரல் நீளம். சிவப்பு நாக்கு. கட்டைவிரலைக் கறுப்பில் தோய்த்து முகமெல்லாம் புள்ளி குத்தியிருந்தார்.

டீச்சர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"பாய்ஞ்சப்ப வாயைத் திறந்திருந்ததா?"

"திறந்துதான் இருக்கும்."

"பார்த்தீங்களா?"

பேச்சித்தாய் யோசித்தார்.

"பின்னாடியிருந்து வந்துச்சு. நான் குப்புற விழுந்துட்டேன். சத்தம் போட்டாங்க, ஓடிருச்சு."

"அப்ப முகத்தைப் பார்க்கலை."

"பார்க்கலை."

"இது யாரோட முகம்?"

பேச்சித்தாய்க்குக் கோபம் வந்தது. சேலைத் தலைப்பை விலக்கித் தோளைக் காட்டினார்.

"அப்ப இது பொய்யா? சொல்லுங்க. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். நீங்க பஸ்ஸுல வந்து பஸ்ஸுல போறவங்க."

"காயம் பொய்யில்லைக்கா," என்றார் டீச்சர். "இதுல பல்லு பட்ட இடம் எது?"

பேச்சித்தாய் தன் தோளைத் தானே திரும்பிப் பார்க்க முயன்றார்.

"எல்லாம் நகம்," என்றார் மெதுவாக.

அன்று வகுப்பு முடியும் முன்னே எழுந்து போய்விட்டார். இனி வரமாட்டார் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். டீச்சர் அந்த வாரத்தில் வனத்துறை ஆள் ஒருவரிடம் கேட்டு ஒரு படம் வாங்கி வைத்தார். மரத்தில் கட்டிய கேமராவில் விழுந்த படம்.

அடுத்த ஞாயிறு பேச்சித்தாய் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் படத்தைக் கொடுத்தார். ஒரு சிறுத்தை கால்வாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தியிருந்தது. வாய் மூடியிருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது.

"இதுதானா அது?"

"தெரியாதுக்கா. ஏதோ ஒண்ணு."

பேச்சித்தாய் படத்தைக் கிட்டே வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "விலா எலும்பு தெரியுது," என்றார்.

பற்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தார். வாயைக் காகிதம் வைத்து மூடினார். பழைய புள்ளிகள்மேல் மஞ்சளைப் பூசினார்.

"உடம்புல இருக்கிறது புள்ளியே இல்லை டீச்சர். உடைஞ்ச வளையல் மாதிரி இருக்கு. நடுவுல காவி. முகத்துல மட்டும்தான் சின்னச் சின்னப் புள்ளி."

"ம்."

"இந்தக் கன்னம் மாதிரி அந்தக் கன்னம் இல்லை."

"உங்க கன்னம் ரெண்டும் ஒண்ணுபோலவா இருக்கு?"

பேச்சித்தாய் அன்றுதான் அந்த வகுப்பில் முதல்முறையாகச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறும் அதே வேலை. மீசை முளைக்கும் இடத்தில் வரிசையாகப் புள்ளிகள். மூக்கின் ஓரம் இளஞ்சிவப்பு. கிழிந்த காதைக் கிழிந்த மாதிரியே செய்தார்.

மாதக் கடைசியில் எல்லோரும் தங்கள் முகமூடியைப் போட்டுப் பார்த்தார்கள். வரையாடு மலையணிலைத் துரத்தியது. பேச்சித்தாய் மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிறுத்தையின் கண்கள் பச்சையும் மஞ்சளுமாக, தீட்டியது தீட்டியபடி இருந்தன. துளை போடவில்லை.

டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கண்ணு வெட்டலையா?"

"வேண்டாம் டீச்சர்."

"ஏன்க்கா?"

"எல்லாம் செஞ்சேன். இதை மட்டும் சொல்லாதீங்க. கண்ணைத் திறந்துவிட்டா அது என்னைப் பார்க்கும்."

டீச்சர் முகமூடியை எடுத்து, பேச்சித்தாயின் முகத்தில் மெதுவாக வைத்து, பின்னால் நாடாவைக் கட்டினார்.

"என்ன தெரியுதுக்கா?"

"ஒண்ணும் தெரியலை. இருட்டா இருக்கு."

"அது பார்க்குதா?"

உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்லை."

டீச்சர் நாடாவை அவிழ்த்தார். முகமூடியை அவர் கையில் கொடுத்து, அதன்மேல் வெட்டுக் கத்தியை வைத்தார்.

"அந்தத் துளை சிறுத்தைக்கு இல்லைக்கா. போட்டுக்கிறவங்களுக்கு."