ஊனா யார் கையைப் பிடித்துப் பாடினாள்?

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி உண்டு. விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. ஆகவே பாதியில் எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறவர்களுக்கு இது சரிப்படாது.

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில், கல்லையும் காற்றையும் தவிர வேறு விளைச்சல் இல்லாத ஓர் ஊரில் பார்ட்லி என்ற மீனவன் இருந்தான். அவன் மனைவி ஊனா. பிள்ளைகுட்டி இல்லை. ஊனாவிடம் பாட்டு இருந்தது. பக்கவாத்தியம் எதுவும் கிடையாது, வெறும் குரல்தான். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடும்போது, அருகில் இருப்பவர் அவர் கையைப் பிடித்து, ராட்டை சுற்றுகிற மாதிரி மேலும் கீழுமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். பாட்டின் போக்கில் கை போகும். நாளாக ஆக, கையின் போக்கில் பாட்டும் போகத் தொடங்கிவிடும்.

ஊனாவின் கையை இருபத்திரண்டு வருஷம் சுற்றியவன் பார்ட்லி. கல்யாணமான புதிதில் படகு கவிழ்ந்து அவன் வலது தோள் நொறுங்கிப்போயிற்று. வைத்தியர் ஏதோ தமக்குத் தெரிந்தபடி ஒட்டவைத்தார். கையைத் தூக்கினால் உச்சியில் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகுதான் இறங்கும். இதைவிட நல்ல தோள்கள் ஊரில் எத்தனையோ இருந்தன. ஆனால் வேறு யாராவது கையை நீட்டினால் ஊனா, "அவர் வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பாள்.

நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு நுரையீரல் கெட்டது. அடுத்த வசந்தத்தைப் பார்க்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்ட்லி அழுதான். அழுது முடித்ததும் உருப்படியாக ஒரு காரியம் செய்தான். பழைய பாட்டுகளை ஒலிப்பதிவு செய்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்த டெக்லன் என்பவருக்குக் கடிதம் எழுதினான். அவரும் பெட்டி போன்ற டேப் இயந்திரத்தோடு வந்து சேர்ந்தார்.

பார்ட்லி வழக்கம்போல ஊனாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் பாட ஆரம்பித்தாள். கடல் தாண்டிப் போனவனைக் கரையில் நின்று கூப்பிடும் பாட்டு. பாதியில் பார்ட்லிக்கு இருமல் வந்தது. வருஷக்கணக்காகக் குடித்த புகையிலையின் புண்ணியம். நாடா வீணாயிற்று. இரண்டாம் முறையும் அதே இடத்தில் அதே இருமல். ஊனாவுக்கு மூச்சு வாங்கியது. இன்னும் ஒரு தரம்தான் அவளால் முடியும் என்பது மூவருக்கும் தெரிந்தது. பார்ட்லி எழுந்தான்.

"நீங்க இல்லாம எனக்குப் பாட்டு வராது" என்றாள் ஊனா.

"உன் குரல் இருக்கணும் ஊனா. என் இருமல் இருந்து யாருக்கு என்ன?"

அவள் கையை எடுத்து டெக்லனின் கையில் வைத்துவிட்டு வெளியே போனான். கல்சுவர் ஓரமாக நின்றான். அன்றைக்கு அடித்த காற்றில் உள்ளே அவள் பாடிய ஒரு வரிகூட அவன் காதில் விழவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே ஊனா இறந்துபோனாள்.

அந்த மூன்றாவது பாட்டு இசைத்தட்டாக வந்தது. பிழைப்புக்காகப் பாஸ்டனுக்குக் கப்பலேறியவர்கள் அதை வாங்கி வைத்து அழுதார்கள். மொழி தெரியாதவர்கள்கூடத் தினம் ஒரு தரம் போட்டுக் கேட்டார்கள். ஒவ்வொரு அடியிலும் குரல் உச்சிக்குப் போய், அங்கே ஒரு கணம் நின்று இறங்கும். அந்த இடத்துக்காகவே கேட்டவர்கள் பலர். பாவம், மூச்சுத் திணறியிருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். இசைத்தட்டின் அட்டையில், "கை பிடித்தவர்: டெக்லன்" என்று அச்சாகியிருந்தது.

பார்ட்லி அட்டையைப் பார்த்ததோடு சரி. தட்டை வாங்கவுமில்லை, கேட்கவுமில்லை. டெக்லன் மேல் அவனுக்குக் கோபம் கிடையாது. முப்பத்தேழு பாட்டு தெரிந்தவள், கடைசிப் பாட்டுக்கு மட்டும் தன் கை அவளுக்குக் கிடைக்காமல் போயிற்றே, அதையும் தானே அல்லவா விட்டுவிட்டுப் போனோம் என்பதுதான் அவனைத் தின்றது.

ஒரு வருஷம் கழித்து டெக்லன் வந்தார். தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"மன்னிச்சிடுங்க. என் கை அவங்களுக்குச் சரியா அமையல. நான் பாட்டுக்குச் சுத்திக்கிட்டுப் போனேன். ஒவ்வொரு தடவையும் கை மேல போனதும் அவங்க இறுக்கிப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. அப்புறம்தான் இறங்க விட்டாங்க. பழக்கமில்லாத கைதானே."

சாகப்போகிறவளை அந்நியக் கையோடு போராடவிட்டோமே என்று பார்ட்லிக்கு நெஞ்சு வெடித்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினான்.

இப்போது சொல்லுங்கள். அட்டையில் டெக்லன் பெயர் இருக்கிறது. டெக்லனும் நான்தான் பிடித்தேன் என்கிறார். பார்ட்லியே அதை மறுக்கவில்லை. அப்படியானால், அந்தக் கடைசிப் பாட்டை ஊனா யார் கையைப் பிடித்துப் பாடினாள்?

விடை: பார்ட்லியின் கையை. டெக்லனுக்குத் தோளில் ஒரு குறையும் இல்லை, அவர் கை உச்சியில் நிற்கவேண்டிய அவசியமே கிடையாது. அப்படி நின்று இறங்குகிற கை ஊனாவுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டவள், கிடைத்த கையைத் தன் புருஷன் கையாக ஆக்கிக்கொண்டுதான் பாடியிருக்கிறாள். தட்டை ஒரு தரம் கேட்டிருந்தால் முதல் அடியிலேயே பார்ட்லிக்குப் புரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவன் ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தான். ஊர் மதுக்கடையில் அந்தத் தட்டு ஓடாத நாள் கிடையாது. ஊர்க்காரர்களோ ரொம்ப நல்லவர்கள். பார்ட்லி வாசலில் தெரிந்தால், மனுஷன் மனசு நோகக்கூடாதென்று, யாராவது ஒருவர் ஓடிப்போய்க் கிராமபோனின் ஊசியைத் தூக்கிவிடுவார்.